கடல் புறாவில் காதலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி (ஜூன் 2)

சாண்டில்யனின் சரித்திர நாவல் 'கடல் புறா', மூன்று பாகமும் இப்போதுதான் முடித்தேன். கப்பல் சண்டை, கடாரம், ஸ்ரீவிஜயம், அமீர், அகூதா எல்லாம் பிரமாதம். ஆனால் கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து நிலா வந்துவிடுகிறது, தோட்டம் வந்துவிடுகிறது, இளைய பல்லவன் காஞ்சனாதேவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறான். இந்தக் காதல் பகுதிகளை வெட்டிவிட்டு ஒரே பாகமாகப் போட்டால் இன்னும் நல்ல சரித்திர நாவல் கிடைக்காதா? ரசிகர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

கிடைக்காது. வெட்டிப் பாருங்கள், மிஞ்சுவது ஒரு கடற்படை அறிக்கை.

பள்ளியில் நாமெல்லாரும் "கடாரம் கொண்டான்" என்று மனப்பாடம் செய்தவர்கள்தான். 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் ராஜேந்திரன் படை அனுப்பினான், வென்றான், அடுத்த பாடம். தேர்வுக்கு எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். ஆனால் கடாரம் எங்கே இருக்கிறது, அங்கே மழை பெய்யுமா, அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. தோன்ற வைத்தது இந்த நாவல்தான். அதிலும் சண்டைக் காட்சிகள் அல்ல. கடாரத்து இளவரசி ஒருத்தி வந்து நின்று பேசியதும்தான் கடாரம் எனக்கு ஊராயிற்று.

இளைய பல்லவன் என்கிற கருணாகரன் சோழப் படைத்தலைவன். அவனுக்குக் கடாரத்தில் என்ன வேலை? அரசன் ஆணை. அவ்வளவு மட்டும் என்றால் வாசகனுக்கு அதில் என்ன கவலை? காஞ்சனாதேவியின் தந்தைக்கு உரிய அரியணை என்று ஆனதும் அந்தத் தூர தேசத்து அரசியல் அவனுடைய சொந்த விவகாரமாகிறது. கூடவே நமக்கும். காதலை வெட்டினால் அவன் கடல் கடக்கும் காரணத்தையே வெட்டுகிறீர்கள்.

ஜூன் 3

நேற்று எழுதியது கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. கேள்வி கேட்டவர் கதை நிற்கிறது என்றுதான் சொன்னார், காதலே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி, கதை நிற்பது உண்மைதான். ஏன் நிற்கிறது என்று பார்க்கலாம்.

இது குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர். ஒரு வாரம் முடிந்து அடுத்த வாரம் வரும்போது வாசகர் பாதி மறந்திருப்பார். அதனால் அத்தியாயத்தின் முதல் ஒன்றிரண்டு பத்திகள், போன வாரம் யார் எங்கே எந்த நிலையில் நின்றார்கள் என்பதை வேறு சொற்களில் மறுபடி சொல்லும். கடைசியில் ஒரு கதவு திறக்கும், ஒரு கத்தி தெரியும், ஒரு குரல் கேட்கும். அப்புறம் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் மனதில் வைத்துக் கொறிக்க ஏதாவது வேண்டாமா? அதுதான் அந்த நிலவும் தோட்டமும். தொடராகப் படித்தவர்களுக்கு அது இடைவேளைக்கான தீனி. புத்தகமாக்கி ஒரே மூச்சில் படிக்கிறவர்களுக்குக் கதை நிற்பது போல் தெரிகிறது.

எங்கள் வீட்டில் இதழிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு புத்தகம் ஒன்று இருந்தது. கதைக்கு நடுவே அந்தக் காலத்துத் தலைவலி மருந்து விளம்பரம், சிரிப்புத் துணுக்கு எல்லாம் சேர்ந்தே தைக்கப்பட்டிருக்கும். நடுவில் சில வாரங்கள் இல்லை. அந்த வாரங்களில் என்ன நடந்திருக்கும் என்று நானே கற்பனை செய்து படித்தேன். பிற்பாடு முழுப் புத்தகம் கைக்கு வந்தபோது, விடுபட்ட அத்தியாயங்கள் நான் கற்பனை செய்ததைவிட மெதுவாகத்தான் இருந்தன. ஆனாலும் அவற்றைப் படித்த பிறகுதான் காஞ்சனாதேவியின் கோபத்துக்கு முழு அர்த்தம் கிடைத்தது.

ஒரு யோசனை: ஒரு நாளைக்கு ஒரே அத்தியாயம் படியுங்கள். நிற்கிறது என்ற குறை பாதி தீர்ந்துவிடும்.

ஜூன் 5

"இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கருணாகரத் தொண்டைமான் உண்மையான ஆள். ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியின் வெற்றி வீரன் அவன்தான். முதலாம் குலோத்துங்கன் 1070 முதல் 1120 வரை ஆண்டவன். பரணி பாடும் கலிங்கப் போர் அந்த ஆட்சியின் பிற்பகுதியில், 1110ஐ ஒட்டி நடந்தது. நாவலோ குலோத்துங்கன் அரியணை ஏறுவதற்கு முன்பு, அநபாயன் என்ற இளவரசனாக இருந்த காலத்தில் நடக்கிறது. இரண்டுக்கும் இடையில் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. பரணியில் வருபவன் முதிர்ந்த தளபதி. அவனுடைய இளமை பற்றிப் பரணியில் ஒன்றும் இல்லை. சாண்டில்யன் அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டார். சரித்திரத்தை மீறாமல் விளையாடுவதற்கு இதைவிட நல்ல மைதானம் கிடைக்காது.

குலோத்துங்கனின் இளமையும் அப்படித்தான். வீரராஜேந்திரன் 1063இல் பட்டம் ஏறியதிலிருந்து 1070 வரை இந்த வேங்கி இளவரசன் எங்கே இருந்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கும் விஷயம். வீரராஜேந்திரனின் கல்வெட்டு ஒன்று, கடாரத்தை வென்று, தன்னிடம் வந்து அடிபணிந்த அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. அந்தப் படையெடுப்பில் குலோத்துங்கனும் போயிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உரிமை பறிபோன ஓர் அரசன் சோழரிடம் உதவி கேட்டு வந்தான் என்று நாவல் சொல்கிறதே, அதற்கான விதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. கல்வெட்டு அரசனை மட்டும் சொன்னது. அவனுக்கு ஒரு மகளைக் கொடுத்தது நாவலாசிரியர்.

கதை தொடங்கும் பாலூர்ப் பெருந்துறையும் இட்டுக்கட்டியது அல்ல. பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் நிலநூலில் பலூரா என்ற துறை வருகிறது. அங்கிருந்து கப்பல்கள் வங்கக் கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கீழ்த்திசைக்குப் போயின என்று அவர் எழுதுகிறார். இன்றைய ஒடிசாவின் கஞ்சம் பக்கம் அதை வைக்கிறார்கள். கதையை அங்கே தொடங்கியது அழகுக்காக மட்டும் அல்ல என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. கிழக்குக் கடலுக்குப் போகும் பழைய வாசலே அது.

ஜூன் 5, பின்குறிப்பு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் சரித்திரமே போதுமே, காதல் எதற்கு?" என்று அதே நண்பர் மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கு. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் புகழும் பகுதியை, எடுத்துப் பாருங்கள். "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று தொடங்கும் பகுதி. கடாரத்தரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவன் நகரின் போர் வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணம், மணிகள் பதித்த கதவு எல்லாம் வருகின்றன. பிறகு ஊர்ப் பட்டியல்: துறைநீர்ப் பண்ணை, ஆழ்கடலை அகழியாகக் கொண்ட மாயிருடிங்கம், தேன் மலர்ச் சோலைகள் கொண்ட மாநக்கவாரம், கடைசியில் கடாரம். எனக்கு இந்த வரிகள் மீது தீராத ஆசை உண்டு. சத்தமாகப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் வாசலும் கதவும் தோரணமும் இருக்கிற அந்த நகரத்துக்குள் ஒரு மனுஷி கூட இல்லை. அந்தக் கதவைத் திறந்து யார் வெளியே வந்தார்கள் என்று மெய்க்கீர்த்தி சொல்லாது. நாவல் சொல்லும்.

ஜூன் 8

ஒருவர் தனக்குக் காஞ்சனாதேவியைப் பிடிக்காது, மஞ்சளழகிதான் என்கிறார். இன்னொருவர் நேர்மாறாக. இந்தச் சண்டை இந்த நாவல் வந்த காலத்திலிருந்தே வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. அக்கா காஞ்சனாதேவி கட்சி, அத்தை மஞ்சளழகி கட்சி. நான் முதலில் அக்கா பக்கம்.

இப்போது மாறிவிட்டேன். காஞ்சனாதேவி இளவரசி, வாள் பிடிக்கத் தெரிந்தவள், தன் தகுதி தெரிந்தவள். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருக்கிறது. அதற்காகத்தான் போராட்டம். மஞ்சளழகி வளர்ந்தது அக்ஷயமுனைக் கோட்டையில், அதன் தலைவன் பலவர்மனின் நிழலில். கொள்ளைக்காரர்கள் வந்துபோகும் துறைமுகம். அங்கே யாரையும் முழுதாக நம்ப முடியாது என்று தெரிந்து வளர்ந்த பெண், வெளியிலிருந்து வந்த ஒருவனை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறாள். அந்த யோசனைதான் இரண்டாம் பாகத்தின் உயிர். அவளிடம் வரும்போது இளைய பல்லவனே கொஞ்சம் தடுமாறுகிறான். சொல்வன்மையும் வாள் வன்மையும் கைகொடுக்காத ஓர் இடம் அவனுக்கு அங்கேதான் வருகிறது.

முடிவைச் சொல்லிவிட வேண்டாம் என்று புதிதாகப் படிப்பவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்ல மாட்டேன். மற்றவர்களும் சொல்லாதீர்கள்.

ஜூன் 9

காதல் பகுதிகளுக்காக வாதாடிக்கொண்டே வந்தாலும், ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. பெண்களின் உடலை வர்ணிக்கும் பத்திகள் எனக்கு இப்போது ஒத்துவருவதில்லை. பதின்ம வயதில் யாரும் பார்க்காதபோது படித்த பத்திகள்தான் அவை. இன்று படித்தால், பேச வாய் திறக்கும் பெண்ணை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு ஆசிரியர் அவளைச் சுற்றிச் சுற்றி வருவது போல் இருக்கிறது. அவள் சொல்ல வந்தது அதைவிட முக்கியம்.

அப்படியானால் கேள்வி கேட்டவர் சொன்னது சரிதானா? பாதி சரி. வர்ணனையும் காதலும் வேறு வேறு என்று இப்போது பிரித்துப் பார்க்கிறேன். காதலர் இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது, சீண்டுவது, விட்டுக்கொடுக்காமல் வாதாடுவது, ஒரு ரகசியத்தைச் சொல்லலாமா என்று தயங்குவது, இவைதான் காதல் பகுதி. அதில் ஒரு வரி குறைந்தாலும் எனக்கு நஷ்டம். கொடியிடை வர்ணனைகள் குறைந்தால் எனக்கு நஷ்டமே இல்லை.

இதற்கு ஒரு வாசகி எழுதியிருந்தது அருமை: அந்தப் பத்திகளை அவர் தாண்டிவிடுவாராம், ஆனால் காஞ்சனாதேவி அரசியல் பேசும் இடங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பாராம். இத்தனை ஆண்டுகளாக இந்த நாவலைக் கையில் எடுத்த பெண்கள் பலர் அப்படித்தான் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் அத்தையும் அப்படித்தான்.

ஜூன் 12

மலேசியாவிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கும் குறிப்பு இந்தப் பேச்சையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. அவர் வளர்ந்தது கெடாவில், அதாவது பழைய கடாரத்தில். "உங்களுக்குக் கடாரம் கனவு தேசம். எனக்கு அது பள்ளிக்கூடம் போன வழி. நாவலில் எங்கள் ஊர் எப்போதும் யாரோ வந்து மீட்டுக்கொடுக்க வேண்டிய இடமாகவே இருக்கிறது" என்கிறார்.

இதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஏனென்றால் நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன், போனதே இந்த நாவலால்தான்.

பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதையொட்டி மலைச்சரிவில், ஓடும் நீரின் சத்தத்துக்குப் பக்கத்தில், சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற கோயிலின் கல் அடித்தளத்தை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். தூண்கள் நின்ற இடங்களில் கல் பீடங்கள் மட்டும். மேலே ஜெராய் மலை, 1,200 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். சமவெளியிலிருந்து சட்டென்று எழுந்து நிற்பதால் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். மாலுமிகள் முதலில் பார்த்தது கடாரத்து மாளிகையையோ மதிலையோ அல்ல, இந்த மலையைத்தான். நான் அந்த மலையைப் பார்த்தபோது இளைய பல்லவன் நினைவுக்கு வந்தான். உடனே அடுத்த எண்ணம்: அவன் இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே மக்கள் இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார்கள். சுங்கை பத்துவில் அந்த உலைகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நாவலில் அந்த இரும்புக் கொல்லர்கள் யாரும் இல்லை.

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் எச்சம் ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது எனக்கு வந்த வருத்தம், ஏதோ வெளிநாட்டில் நடந்ததற்கு வரும் வருத்தம் அல்ல. சொந்தத் தெருவில் ஒரு வீடு போனது போல இருந்தது. அந்த உறவை எனக்குள் உண்டாக்கியது ஒரு காதல் கதை. நண்பர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 13

நண்பரின் பதில்: "உறவு சரி. ஆனால் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் பேசுவதையும் கேட்க வேண்டும்."

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஸ்ரீவிஜயத்துக்குச் சொந்தக் குரல் உண்டு. சுமத்ராவின் பாலெம்பாங் பகுதியில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பழைய மலாய் மொழியில் இருக்கின்றன. சீனத் துறவி இ-சிங் 671இல் அங்கே தங்கி வடமொழி இலக்கணம் படித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் அங்கே இருப்பதாகவும், இந்தியாவுக்குப் போக நினைக்கும் சீனத் துறவிகள் முதலில் அங்கே தங்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது என்றும் எழுதினார். பிறகு அவர் மலாயு, கெடா, நிக்கோபார் பக்கத் தீவுகள் என்று வந்து வங்காளக் கரையில் தாம்ரலிப்தியில் இறங்கினார். இளைய பல்லவன் போன வழியை எதிர்த்திசையில், நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கடந்த மனிதர். வாள் இல்லாமல், ஏட்டுச் சுவடிகளோடு.

நாவலில் ஸ்ரீவிஜயம் என்றால் கோட்டை, கப்பல், சூழ்ச்சி. அந்தப் படிப்பாளிகளின் நகரம் அதில் இல்லை. அது இருந்திருந்தால் காஞ்சனாதேவி இன்னும் எவ்வளவு பெரிய பாத்திரமாகியிருப்பாள் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மொழி அறிந்து, பிட்சுக்களிடம் பாடம் கேட்டு வளர்ந்த இளவரசி, கரடுமுரடான ஒரு சோழ வீரனைச் சந்திக்கிறாள். அந்தக் கதையை யாராவது எழுதுங்கள்.

ஜூன் 16

அமீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்ற குறையை இன்று தீர்த்துவிடுகிறேன்.

அரபு நாட்டு அமீர், சீனக் கடற்கொள்ளைத் தலைவன் அகூதா, தமிழ் வீரன் கருணாகரன். மூன்று பேரும் ஒரே தளத்தில் நின்று பேசும் காட்சிகள் எனக்கு எந்த நிலாக் காட்சிக்கும் குறைந்தவை அல்ல. சிறு வயதில் இதெல்லாம் வசதிக்காகச் சேர்த்த கூட்டம் என்று நினைத்திருந்தேன். பிறகு 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த கப்பலைப் பற்றிப் படித்தேன். 9ஆம் நூற்றாண்டுக் கப்பல். அரபு முறையில், ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. உள்ளே சுமார் அறுபதாயிரம் சீனப் பாண்டங்கள். மூழ்கிக் கிடந்தது ஸ்ரீவிஜயத்தின் கடலில். அரபுக் கலம், சீனச் சரக்கு, மலாய்க் கடல். அமீரும் அகூதாவும் சந்திக்க அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. வருகிற கலங்கள் பொன்னாகக் கட்ட வேண்டிய தொகையைப் பற்றிப் பேசுகிறது. பாருஸ் கற்பூரத்துக்குப் பெயர் போன ஊர். 1088 என்பது குலோத்துங்கன் ஆட்சிக்காலம். அதாவது கதையின் அநபாயன் அரியணையில் இருக்கும்போது தமிழ் வணிகர்கள் அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டே ஆண்டுகளில், 1090இல், கடாரத்து அரசனின் வேண்டுகோளின்படி நாகப்பட்டினத்துச் சூடாமணி பௌத்த விகாரத்துக்கு உரிய ஊர்களின் வரிகளைக் குலோத்துங்கன் விலக்கிக் கொடுத்ததை லெய்டன் சிறிய செப்பேடு சொல்கிறது. சண்டை போட்ட இரண்டு நாடுகள் அல்லவா? விகாரம் அப்படியே நின்றிருக்கிறது, தூதர்கள் வந்து போயிருக்கிறார்கள்.

கெடா நண்பருக்கு இதை எழுதும்போதே எனக்கு ஒன்று தெளிவாகிறது. படையெடுப்பு சில காலம்தான். போக்குவரத்து பல நூற்றாண்டு. காதல் கதை படையெடுப்பைவிட அந்தப் போக்குவரத்துக்கு நெருக்கமானது. இரண்டு கரைக்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்காமல் காதலும் நடக்காது, வியாபாரமும் நடக்காது.

ஜூன் 17

காற்றைப் பற்றிக் கேட்டவருக்கு: தென்மேற்குப் பருவக்காற்று நம் கரையிலிருந்து கிழக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்று அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரும். போனவர் நினைத்த நாளில் திரும்ப முடியாது, காற்று மாறும் வரை அங்கேயே தங்க வேண்டும். மாதக்கணக்கில் ஓர் அந்நியத் துறைமுகத்தில் தங்கும் இளைஞனுக்கு அங்கே உறவு முளைப்பதில் என்ன ஆச்சரியம்? இந்த வகைக் கதைகளின் காதல் செயற்கை என்று சொல்பவர்கள் காற்றின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஜூன் 21

பழைய வாதத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த வாரம் பரணியை மறுபடி எடுத்தேன்.

கலிங்கத்துப்பரணி போர் நூல். தலை உருளும், குருதி ஓடும், பேய்கள் களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கும். அப்படிப்பட்ட நூல் கடவுள் வாழ்த்து முடிந்ததும் எங்கே போகிறது? கடைதிறப்புக்கு. ஊடலில் கதவைச் சாத்திக்கொண்ட பெண்களைப் பார்த்து, கதவைத் திறங்கள், போரின் கதையைக் கேளுங்கள் என்று பாடுகிறார் ஜெயங்கொண்டார். அந்தப் பெண்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரிகளும் அல்ல. வடுகும் (தெலுங்கும்) தமிழும் கலந்து மழலையாகக் குழறிப் பேசும் கருநாட்டுப் பெண்கள் என்று வேற்று நாட்டுப் பெண்கள் எல்லாம் வருகிறார்கள். பிரிந்து போனவன் வருவானா என்று திறப்பதும் மூடுவதுமாக இரவெல்லாம் கதவு சுழலும் குடுமியைத் தேய்த்தவளும் அங்கே இருக்கிறாள்.

கருணாகரனின் வெற்றியைப் பாடிய முதல் ஆளே காதல் வழியாகத்தான் போருக்குள் நுழைந்திருக்கிறார். சாண்டில்யன் புதிதாக எதையும் நுழைக்கவில்லை. காதலை வெட்டச் சொன்ன நண்பர் தொண்ணூறு ஆண்டுகள் அல்ல, தொள்ளாயிரம் ஆண்டு மரபோடு வாதாட வேண்டியிருக்கும். கடைதிறப்பு மட்டும் ஒரு முறை படித்துவிட்டு வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

ஜூன் 22

அவர் படித்துவிட்டு வந்திருக்கிறார்! "பரணிக்காரர் ஒரு பெண்ணுக்கு ஒரு தாழிசையோடு விட்டுவிடுகிறார், இவர் ஓர் அத்தியாயம் எடுக்கிறார்" என்பது பதில். நீளத்தைப் பற்றிய குறையை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் காதலே வேண்டாம் என்பதிலிருந்து காதல் சுருக்கமாக இருக்கட்டும் என்பதற்கு வந்துவிட்டார். எனக்கு அது போதும்.

ஜூன் 27

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்கிறார்.

கொடுங்கள். வர்ணனைப் பத்திகளைப் பற்றி முன்பே மேலே எழுதியிருக்கிறேன், நீங்கள் முதலில் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒளித்துவைக்க வேண்டாம். அதைப் பற்றி அவளோடு பேசுங்கள், அவளுக்கு உங்களைவிடக் கூர்மையான அபிப்பிராயம் இருக்கும். முதல் பாகத்தின் தொடக்கம் கொஞ்சம் அரசியல் அடர்த்தி. கலிங்க மன்னன் யார், சோழ இளவரசன் ஏன் அங்கே என்று குழம்பினால் நிறுத்தாமல் படிக்கச் சொல்லுங்கள், கடலில் இறங்கியதும் தானாக ஓடும். பக்கத்தில் ஒரு வரைபடம் அவசியம். வங்கக் கடல் முழுதும், மலாக்கா நீரிணையும், சுமத்ரா முழுதும் தெரிகிற பெரிய படமாக இருக்கட்டும். அவளே கையால் வரைந்தால் இன்னும் நல்லது. நான் பைண்டு புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் வரைந்தேன், சுமத்ரா வேண்டியதைவிட மிகச் சிறியதாக வந்துவிட்டது.

மூன்றாம் பாகத்தில் அவள் எந்தக் கட்சி என்று கட்டாயம் இங்கே வந்து சொல்லுங்கள். காஞ்சனாதேவி பக்கம் இப்போது ஆள் குறைவாக இருக்கிறது.